கிரேட் லூப்: படகிலேயே பாதி அமெரிக்காவைச் சுற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர் ஒருவர் தன் 38 அடிப் படகில் இந்தச் சுற்றை ஒரு வருடத்தில் முடித்தார். நான் அதில் இரண்டு தவணையாகக் கயிறு பிடிக்கப் போனேன். இலையுதிர் காலத்தில் சிகாகோவிலிருந்து மெக்சிகோ வளைகுடாக் கரையில் இருக்கும் மொபீல் என்ற ஊர் வரை, அடுத்த வசந்தத்தில் ஃபுளோரிடாவிலிருந்து வர்ஜீனியாவின் நார்ஃபோக் வரை. திரும்பி வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்ட கேள்விகளையே கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன். முழுச் சுற்று போனவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிரேட் லூப் என்றால் என்ன?

அமெரிக்க வரைபடத்தில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருப்பதை மட்டும் பாருங்கள். அந்த நிலப்பகுதி கிட்டத்தட்ட ஒரு தீவு. கிழக்கே அட்லாண்டிக் கரை, வடக்கே ஹட்சன் ஆறும் கால்வாய்களும் பேரேரிகளும், மேற்கே ஆறுகள், தெற்கே மெக்சிகோ வளைகுடா. எங்கிருந்து கிளம்பினாலும் படகை விட்டு இறங்காமல் ஒரு சுற்று வந்து அதே இடத்தில் நிற்கலாம். தூரம் சுமார் 6,000 மைல், அதாவது 9,600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரே பாதை என்று கிடையாது. வழியில் நாலைந்து இடத்தில் இப்படிப் போகலாமா அப்படிப் போகலாமா என்று முடிவெடுக்க வேண்டும், அதைப் பொறுத்துத் தூரம் கூடும் குறையும்.

இது இயற்கையாக அமைந்த வழியா?

பாதி இயற்கை, பாதி மண்வெட்டி. ஹட்சன் ஆற்றையும் பேரேரிகளையும் இணைத்த ஈரி கால்வாய் 1825-இல் திறந்தது. மேற்கில் நடந்தது இன்னும் வேடிக்கை. சிகாகோ ஆறு மிஷிகன் ஏரியில் போய் விழுந்துகொண்டிருந்தது, ஊர்ச் சாக்கடையையும் சேர்த்து. குடிதண்ணீரும் அதே ஏரியிலிருந்துதான். ஆகவே ஒரு கால்வாய் வெட்டி, 1900-இல் ஆற்றையே எதிர்த்திசையில் ஓட வைத்துவிட்டார்கள். கூவத்தை மேற்கே திருப்பிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சிகாகோவிலிருந்து இறங்கிய வழி அந்தச் சாக்கடைக் கால்வாய்தான். மூன்றாவது, டென்னசி ஆற்றையும் டாம்பிக்பீ ஆற்றையும் இணைக்கும் 234 மைல் டென்-டாம் நீர்வழி. போக்குவரத்துக்கு 1985-இல் வந்தது. அதற்கு முன் சுற்று வந்தவர்கள் மிசிசிப்பியிலேயே நியூ ஆர்லியன்ஸ் வரை போக வேண்டியிருந்தது.

கடலில்தான் போக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம், அதுதான் இதன் அழகு. நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை சுமார் 1,090 மைலுக்கு இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்று ஒரு நீர்வழி இருக்கிறது. கடலுக்கு இணையாக, மணல் தீவுகளுக்குப் பின்னால், உப்பங்கழிகளையும் ஆற்று முகங்களையும் வெட்டுக் கால்வாய்களால் கோத்து வைத்த வழி. சென்னைக்காரர்களுக்குச் சொல்வதானால் நம் பக்கிங்காம் கால்வாயின் அதே யோசனை. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் கடலைத் தொடாமலே மரக்காணத்துக்கும் ஆந்திரத்துக்கும் போய்வந்த காலம் ஒன்று இருந்ததே. இவர்கள் தங்களுடையதைத் தூர்வாரிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் கடலைத் தவிர்க்கவே முடியாத இடங்களும் உண்டு. நியூ ஜெர்சி கரையில் குறைந்தது ஒரு பகல் அட்லாண்டிக்கில் போயாக வேண்டும். ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் வளைகுடாவைக் குறுக்கே கடக்க வேண்டும். மிஷிகன் ஏரியையும் கடல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்பு இல்லை, அலை உண்டு.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

இடஞ்சுழியாக. கிழக்குக் கரையில் வடக்கே ஏறி, மேற்கில் ஆறுகளோடு தெற்கே இறங்குவது. இல்லினாய், மிசிசிப்பி இரண்டும் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். எதிர்த்திசையில் போகிறவர்களும் இருக்கிறார்கள், மிசிசிப்பியை எதிர்த்து ஏற டீசலும் பொறுமையும் இருந்தால் சரி.

எத்தனை நாள் ஆகும்?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தப்பாகவே கணக்குப் போடுகிறார்கள். நிதானமான படகு மணிக்கு எட்டு ஒன்பது மைல் போகும். ஒரு நாளைக்கு 50 மைல் என்று வையுங்கள். 6,000 மைலுக்கு 120 நாள். அப்படியானால் நாலு மாதத்தில் முடித்துவிடலாமே என்பீர்கள். முடித்தவர்கள் உண்டு. ஆனால் வழக்கமாக ஒரு வருடம் ஆகிறது. மீதி எட்டு மாதம் எங்கே போகிறது? காத்திருப்பதில்.

காலண்டர் இப்படி. நியூயார்க் மாநிலக் கால்வாய்கள் மே மத்தியில்தான் திறக்கும், அக்டோபர் மத்தியில் மூடிவிடும். அதனால் வசந்தத்தில் கிழக்குக் கரையில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். கோடை முழுக்கக் கனடாவும் பேரேரிகளும். செப்டம்பரில் மிஷிகன் ஏரி முரடாகத் தொடங்கும், அதற்குள் சிகாகோ வந்துவிடுவது நல்லது. அப்புறம் ஆறுகள். இங்கே அவசரப்பட்டும் பயனில்லை. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அது ஓயும்வரை தெற்கே வரக் கூடாது என்று பல காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசியிலேயே எழுதிவிடுகின்றன. ஆகவே நவம்பர் கடைசியில் மொபீல், குளிர்காலம் ஃபுளோரிடா, திரும்ப வசந்தம்.

இதற்குள் சின்னச் சின்னக் காத்திருப்புகள் வேறு: காற்று அடங்க, மூடுபனி விலக, பாலம் திறக்க, சரக்குப் படகு போய்முடிய. ‘பன்னிரண்டாம் தேதி விமான டிக்கெட் எடுத்துவிட்டேன், அதற்குள் இன்ன ஊருக்குப் போய்விடுவோமா’ என்று கேட்டுக்கொண்டு ஏறும் விருந்தாளிதான் படகில் ஆபத்தான ஆள். முதல் தவணையில் அந்த ஆள் நான்தான். நண்பர் என் டிக்கெட்டை மாற்ற வைத்த பிறகுதான் இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

எப்படிப்பட்ட படகு வேண்டும்?

நீளத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டியது உயரத்தை. சிகாகோவுக்குத் தெற்கே, அந்தச் சாக்கடைக் கால்வாயின் மேல் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 19 அடி 6 அங்குலம். தூக்குப் பாலம் இல்லை, சுற்றுவழியும் இல்லை. உலகத்தில் எவ்வளவு அழகான படகாக இருந்தாலும் அதற்கு மேல் உயரமாக இருந்தால் லூப் கிடையாது. சிகாகோ நகரத்தின் நடுவே, அந்தக் கட்டடங்களுக்கிடையே போக ஆசையா? அப்போது 17 அடி. ஈரி கால்வாயின் மேற்குப் பாதியிலும் போகணுமா? 15 அடி 6 அங்குலம். படகு வாங்கப் போகிறவர்கள் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். விற்கிறவர் சொல்லும் உயரத்தில் ரேடியோக் கம்பியும் விளக்குக் கம்பமும் சேர்ந்திருக்காது.

அடுத்தது, தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்பது. 5 அடிக்குள் இருந்தால் கவலை குறைவு. மூன்றாவது, டேங்க். மிசிசிப்பியில் செயின்ட் லூயிஸுக்குச் சற்று மேலே நிரப்பினால் ஒஹையோ ஆற்றில் இருக்கும் படூக்கா வரை சுமார் 250 மைலுக்கு எண்ணெய் போட வசதியில்லை. நடுவில் கிம்ஸ்விக் என்ற ஊரில் பழைய பார்ஜ்களை (தட்டையான சரக்குப் படகுகள்) கோத்துக் கட்டிய ஒரு துறை இருந்தது, இப்போது அதுவும் இல்லை. டீசல் படகுக்குப் பொதுவாகப் பிரச்சினையில்லை. பெட்ரோல் குடிக்கும் வேகப் படகுக்காரர்கள் கேனில் கூடுதலாக எடுத்துக்கொண்டு, ஆற்றோட்டத்தை நம்பி மெதுவாக இறங்குவார்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தால் எதிலும் போகலாம். ஜெட் ஸ்கீயில் சுற்றி முடித்தவர்கள்கூட இருக்கிறார்கள். அவர்கள் முதுகைப் பற்றி எனக்குக் கவலை.

பாய்மரப் படகில் முடியுமா?

முடியும். பாய்மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்துக்கொண்டு பாலங்களைத் தாண்டி, மொபீல் பக்கம் வந்து திரும்ப நட்டுக்கொள்வார்கள். சுற்றின் பெரும்பகுதி எஞ்சினில்தான் ஓடும் என்பதால் பாய் விரிக்கும் ஆசையோடு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

லாக் என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு பெரிய தொட்டி. மேல்மட்டத்திலிருந்து படகு உள்ளே போகும், பின்கதவு மூடும், அடியில் மதகைத் திறந்து தண்ணீரைக் கீழே விடுவார்கள். படகு தண்ணீரோடு இறங்கும், முன்கதவு திறக்கும். ஏற வேண்டுமென்றால் இதையே தலைகீழாக. பம்பு எதுவும் இல்லை, எல்லாம் தண்ணீர் தானாக இறங்கும் வேலை. டென்-டாமின் வடகோடியில் உள்ள ஜேமி விட்டன் லாக் 84 அடி இறக்குகிறது. உள்ளே போகும்போது கரையில் நிற்கும் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரத்தில் ஈரம் சொட்டும் சுவர்களுக்கு நடுவே, ஒரு கிணற்றின் அடியில் இருந்தோம். யாரும் பேசவில்லை.

படகில் இருப்பவர்களின் வேலை சிறியது, ஆனால் தவறக் கூடாது. சுவரில் ஒரு பள்ளத்தில் மிதவைத் தூண் இருக்கும், தண்ணீரோடு அதுவும் இறங்கும். அதில் கயிற்றை ஒரு சுற்றுப் போட்டுக் கையில் பிடிக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. அந்தத் தூண் எப்போதாவது நடுவில் சிக்கிக்கொண்டால் படகு அதில் தொங்கும். கையெட்டும் தூரத்தில் கத்தி இருக்க வேண்டும். உயிர்காப்பு ஜாக்கெட் கட்டாயம். எனக்குக் கிடைத்த ஒரே திட்டு, முதல் லாக்கில் பழக்கதோஷத்தில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டதற்கு. நியாயமான திட்டு.

கனடாவின் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் வேறு வகைகள் இருக்கின்றன. பீட்டர்பரோவில் 1904-இல் கட்டிய தூக்கி ஒன்று, தண்ணீர்த் தொட்டியோடு படகை 65 அடி உயர்த்தும். எதிர்த் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் கூடுதலாக விட்டுத் தராசுத்தட்டு மாதிரி இறக்குவார்கள், இது ஏறும். பிக் ஷூட் என்ற இடத்தில் படகைத் தண்டவாளத்தில் ஓடும் தளத்தில் ஏற்றிக் குன்றைத் தாண்டிக் கொண்டுபோய் மறுபக்கம் இறக்கிவிடுகிறார்கள். அந்தப் பகுதியில் நான் இல்லை. அதற்காகவே திரும்பப் போக வேண்டும்.

லாக்கில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும்?

ஆறுகளில் சரக்குப் படகுக்குத்தான் முதலிடம். இல்லினாய் ஆற்றில் ஒரு தள்ளுபடகு 15 பார்ஜ்களை மூன்று வரிசையாகக் கட்டித் தள்ளிக்கொண்டு வரும். மொத்தம் ஆயிரம் அடிக்கு மேல் நீளம். லாக்கின் நீளம் 600 அடி. அதனால் இரண்டாகப் பிரித்துத்தான் கடத்த வேண்டும். ஒன்று போய் முடிவதற்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம். முன்னால் இரண்டு நின்றால் அன்றைக்குச் சமையலைத் தொடங்கிவிடலாம். 2020-இல் இல்லினாயில் சில லாக்குகளைப் பழுதுபார்க்கப் பல மாதம் மூடினார்கள். ஆகவே கிளம்பும் வருடத்து மூடல் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

பார்ஜ்களுக்கு நடுவே போகப் பயமில்லையா?

பயம் இருப்பது நல்லது. அந்தக் கேப்டனுக்கு முன்னால் கால் மைல் தூரம் வரை சின்னப் படகு கண்ணில் படாது, நிறுத்தவும் அவரால் சட்டென்று முடியாது. ரேடியோவில் கூப்பிட்டு எந்தப் பக்கம் கடப்பது என்று கேட்டால் அருமையாகப் பேசுவார்கள். ‘ஒன்றில் பார்க்கலாம்’ என்றால் ஒரு விசில், இடப்பக்கமும் இடப்பக்கமுமாகக் கடப்போம் என்று பொருள். ‘இரண்டில்’ என்றால் மறுபக்கம். கூப்பிடாமல் நீங்களாக ஊகித்துக்கொண்டு வளைவில் நுழைவதுதான் தப்பு.

மிசிசிப்பியில் பார்ஜை விட எனக்குப் பயம் கொடுத்தவை மரங்கள். வேரோடு பிடுங்கி வந்த முழு மரங்கள் பாதி மூழ்கியபடி மிதந்து வரும். அதனால்தான் ஆறுகளில் இருட்டிய பிறகு யாரும் ஓட்டுவதில்லை. அடுத்து, கரையிலிருந்து நீருக்கடியில் நீட்டிக் கட்டிய கல்வரிசைகள். ஓட்டத்தை நடுவாய்க்காலுக்குத் தள்ளக் கட்டியவை. ‘ஓரமாகப் போனால் பத்திரம்’ என்ற நம் சாலைப் பழக்கம் அங்கே படகின் அடியைக் கிழித்துவிடும்.

மீன் படகுக்குள் குதிக்குமாமே, உண்மையா?

உண்மைதான். இல்லினாய் ஆற்றில் வெள்ளிக் கெண்டை. நம் ஊர்ப் பண்ணைக் குட்டைகளில் வளர்க்கிறோமே, அதே மீன். குளங்களைச் சுத்தப்படுத்த 1970-களில் கொண்டுவந்தார்கள், தப்பி ஆற்றுக்குள் போய் ஊரையே பிடித்துக்கொண்டது. எஞ்சின் சத்தத்துக்கு மிரண்டு ஆள் உயரத்துக்குத் துள்ளும், சின்னப் படகில் வேகமாகப் போகிறவர்கள் அடிபட்டதும் உண்டு. அது மிஷிகன் ஏரிக்குள் போய்விடாதபடி ரோமியோவில் என்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீருக்குள்ளேயே மின்சாரம் பாய்ச்சி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போது கையைக் காலைத் தண்ணீரில் விடக் கூடாது. எங்கள் படகில் ஒன்று வந்து விழுந்தது. குழம்பு வைக்கலாம் என்றேன், சாக்கடைக் கால்வாயை நினைவுபடுத்தினார்கள்.

சுற்றிலேயே கஷ்டமான பகுதி எது?

வளைகுடாக் கடப்பு என்பார்கள். ஃபுளோரிடாவின் கராபெல்லிலிருந்து டார்பன் ஸ்பிரிங்ஸ் வரை நேராகப் போனால் சுமார் 170 மைல். மெதுவான படகுக்கு இது ஒரு முழு இரவு. கரை தெரியாது, நண்டுக் கூடைகளின் மிதவைகளைக் காலை வெளிச்சம் வந்த பிறகுதான் சந்திக்கும்படி புறப்படும் நேரத்தைக் கணக்குப் போடுவார்கள். மிதவையின் கயிறு படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்டால் அவ்வளவுதான். வேகமான படகுகள் கரையோரம் ஸ்டைன்ஹாட்சி வழியாகத் துண்டு துண்டாகப் பகலில் போகும். நல்ல வானிலைக்காகப் பத்துப் படகுகள் கராபெல்லில் பத்து நாள் கிடப்பது சாதாரணம்.

என்னைக் கேட்டால் ஜார்ஜியா. அங்கே கடலேற்றம் ஏழெட்டு அடி. காலையில் அகலமாகத் தெரிந்த வழி மதியம் சேறாகிவிடும். தரைதட்டி நான்கு மணி நேரம் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தோம். மறுபடி தண்ணீர் ஏறியதும் படகு தானாக மிதந்தது.

கனடாவுக்கு விசா வேண்டுமா?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் வேண்டும். அமெரிக்க கிரீன் கார்டு இருந்தால் பாஸ்போர்ட்டும் கார்டும் போதும். படகு கரை தொட்டதும் கேப்டன் முதலில் எல்லை அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், அதுவரை மற்றவர்கள் இறங்கக் கூடாது. வேறு விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் திரும்பி நுழைவது பற்றி முன்கூட்டியே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கனடா வேண்டாம் என்றால் ஈரி கால்வாயில் பஃபலோ வரை போய், ஈரி ஏரி வழியாகச் சுற்றலாம். அந்த 15 அடி 6 அங்குலம் நினைவிருக்கட்டும்.

ஓட்டுநர் உரிமம்?

சொந்தப் படகைச் சொந்தமாக ஓட்ட அமெரிக்காவில் கேப்டன் உரிமம் தேவையில்லை. பல மாநிலங்கள் வயதைப் பொறுத்துப் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கும். ஃபுளோரிடாவில் 1988-க்கு முன் பிறந்தவர்களுக்கு அதுவும் வேண்டாம். உண்மையான தேர்வு காப்பீட்டுக்காரரிடம்தான். முன்பின் ஓட்டிய அனுபவம் இல்லையென்றால் பயிற்சியாளரோடு இத்தனை மணி நேரம் ஓட்டிக் காட்டு என்பார்.

செலவு?

தொகை சொல்ல மாட்டேன், படகுக்குப் படகு மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எதில் கூடும், எதில் குறையும் என்று சொல்கிறேன். வேகம் கூடினால் எண்ணெய்ச் செலவு பல மடங்காகும். மெரினாவில் (கடற்கரை இல்லை, காசு வாங்கிக்கொண்டு படகு கட்டவிடும் துறை) அடிக்கணக்கில் கட்டணம். நங்கூரம் போட்டால் இலவசம். ராணுவப் பொறியாளர் படை நடத்தும் லாக்குகளில் உல்லாசப் படகுக்குக் கட்டணம் இல்லை, கனடாவில் உண்டு. பழுதுபார்க்கும் செலவை எல்லோருமே குறைத்துக் கணக்குப் போடுகிறார்கள். தென் மாநிலத்து ஊர் ஒன்றில் ஒரு பம்புக்காக ஆறு நாள் நின்றோம், ‘நாளைக்கு வந்துவிடும்’ என்று கடைக்காரர் ஆறு நாளும் சொன்னார்.

நம்ம சாப்பாடு கிடைக்குமா?

படகில் அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கும். ஆற்றுப் பகுதியில் சிற்றூர்களில் காய்கறிக் கடையே தூரம். ஆனால் பல மெரினாக்களில் ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு, சாவியைக் கொடுத்து ‘போய் வாருங்கள்’ என்பார்கள். பெட்ரோல் கொஞ்சம் போட்டுத் திருப்பிக் கொடுப்பது மரியாதை. துவரம்பருப்பு, புளி, மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் சிகாகோவிலேயே மூட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று கண்டுபிடித்தோம்: நவம்பர் குளிரில் இட்லி மாவு புளிக்க எஞ்சின் அறையை விடச் சிறந்த இடம் இல்லை. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நண்பர் இரண்டு நாள் அந்த அறையைக் கழுவினார்.

வேலைக்கு லீவு இல்லை, இதில் ஒரு துண்டு மட்டும் பார்க்க முடியுமா?

முடியும். நிறையப் பேர் லூப்பையே துண்டு துண்டாக, பல வருடத்தில் போகிறார்கள். படகே இல்லாதவர்கள் ஈரி கால்வாயிலோ ட்ரென்ட்-செவர்னிலோ ஒரு வாரத்துக்கு வாடகைப் படகு எடுக்கலாம், அரை நாள் சொல்லிக்கொடுத்துச் சாவியைத் தருவார்கள். நார்ஃபோக்குக்குத் தெற்கே டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் 22 மைல். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் சதுப்பில் நின்று கையால் வெட்டியது, 1805-இல் திறந்தது, இன்றும் ஓடுகிறது. இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்து, தண்ணீர் கருந்தேநீர் நிறத்தில் கிடக்கும். இதன் கரையில் காரை நிறுத்திவிட்டே நடக்கலாம்.

அதுவும் முடியாதென்றால் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்ஃபோர்டுக்குப் போங்கள். ஹட்சனிலிருந்து கால்வாய் ஏறும் இடம் அது, ஐந்து லாக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக 169 அடி ஏறுகின்றன. துறையில் கட்டியிருக்கும் படகுகளின் முனையில் சின்ன முக்கோணக் கொடி பறக்கும். வெள்ளை என்றால் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், பொன்னிறம் என்றால் ஒரு முறை முடித்தவர்கள். வெள்ளைக் கொடிக்காரரிடம் ‘உங்கள் படகு என்ன உயரம்?’ என்று மட்டும் கேளுங்கள். மதியம் வரைக்கும் அவரே பேசுவார்.